தலையாரி குடிக்காத கோப்பை

பாஸ்டன்,
டிசம்பர் 20, 1773

அன்புத் தம்பி ஜேபெஸுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் உன் அத்தானும் எங்கள் குட்டிப் பெண் லோயிஸும் சுகம். ஆல்டன்பரியில் நீயும் எப்சிபாவும் மாடு கன்றுகளும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் குளிருக்கு எப்சிபாவின் கைவலி கூடியிருக்கும். ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தடவச் சொல்.

தேயிலையைக் கடலில் கொட்டிய சேதி உங்கள் மலைக்கும் வந்திருக்கும். உன் அத்தான் அன்று அந்தக் கப்பல்களில் ஒன்றில்தான் காவல் இருந்தார். சுங்கக் காவலாள் வேலை உனக்குத் தெரியாததா? சரக்கு இறங்கும்வரை கப்பலிலேயே உட்கார்ந்து, வரி கட்டாமல் யாரும் ஒரு பெட்டியைக்கூடத் தூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முகத்தில் கரி பூசிய ஆட்கள் திமுதிமுவென்று ஏறினார்களாம். ஒருவன் இவர் தோளில் கைவைத்து, “எல்கானா அண்ணே, உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. குளுருது பாருங்க, கரையில போய் நில்லுங்க” என்றானாம். குரலை வைத்தே இவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். எங்களுக்கு ரொட்டி போடும் சைலஸ். “கரியக் கொஞ்சம் குரலுக்கும் பூசியிருக்கலாமேப்பா” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். மறுநாள் காலையில் சைலஸிடம்தான் ரொட்டி வாங்கினோம். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

இப்போது தண்ணீர் வடியும்போதெல்லாம் துறை முழுக்கத் தேயிலை வாசனை. ஒரு வாய் குடிக்கத்தான் வழியில்லை.

முத்திரைத்தாள் வரி வந்த வருஷம் நீ வெண்ணெய் விற்க இங்கே வந்து, தெருவில் கூட்டத்தோடு கத்தித் தொண்டை கட்டி எங்கள் வீட்டில் கிடந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்று உன் பக்கத்தில் நின்று கத்தியவர் உன் அத்தான்தான். பிறகு கயிறு திரிக்கும் தொழில் படுத்தது. சுங்கத்தில் கூப்பிட்டார்கள், போனார். வயிற்றுக்காகப் போனவரை இப்போது தெருவில் ராஜாவின் ஆள் என்கிறார்கள்.

ஒன்று கேட்டு வைக்கிறேன். அப்பா வீட்டு மாடியறை சும்மாதானே கிடக்கிறது? இங்கே நிலைமை கெட்டால் நானும் லோயிஸும் அங்கே வந்து இருக்கலாமா? நான் பிறந்த அறைதானே என்ற உரிமையில் கேட்கிறேன்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். எப்சிபாவுக்கு ஊசி கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

அக்கா தபிதா

*

ஆல்டன்பரி,
மார்ச் 14, 1774

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் ஊசிகளும் பத்திரமாக வந்தன. இங்கே எல்லாரும் சுகம். சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. அத்தானின் நெஞ்சுச் சளி குறைந்ததா என்று எழுது.

ஊர்க்கூட்டத்தில் தேயிலை தொடுவதில்லை என்று எல்லாரும் கை தூக்கிவிட்டோம். எப்சிபா ராஸ்பெரி இலையைக் கொதிக்கவைத்துத் தருகிறாள். சுதந்திரம் இவ்வளவு கசக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அதே கூட்டத்தில் என் தலையில் இடி விழுந்தது. இந்த வருஷம் நான்தான் ஊர்த் தலையாரி! மறுத்தால் அபராதம் கட்ட வேண்டும், அதற்கு வசதி இல்லை. வீடு வீடாகப் போய் வரி வசூலிப்பதும் தலையாரி வேலைதானாம். பாஸ்டன் தெருவில் “வரி கட்ட மாட்டோம்” என்று கத்திய வாயைப் பார்த்து ஊரே இளிக்கிறது. ஊர்ப் பெரியவர்களில் ஒருவரான டீக்கன் ஃபிஸ்க், “கத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் கேக்கவும் தெரியும், ஜேபெஸ்” என்கிறார்.

முதல் வேலையாகப் புதிதாக வந்த பீப்பாய்த் தச்சன் வீட்டுக்கு, ஊரைவிட்டுப் போகச் சொல்லும் தாக்கீதை எடுத்துப்போனேன். வெளியூரிலிருந்து வந்து தங்குகிற எவருக்கும் இது உண்டு என்று உனக்குத் தெரியும். நாளைக்கு அவன் நொடித்துப்போனால் சோறுபோடும் பொறுப்பு ஊருக்கு இல்லை என்பதற்காக ஒரு காகிதம். படித்து முடித்ததும் அவன் மனைவி புளித்த ஆப்பிள் சைடர் ஊற்றி நீட்டினாள். குடித்தேன். தலையாரி குடித்துவிட்டால், ‘காகிதம் காகிதமாக இருக்கட்டும், நீங்கள் இருங்கள்’ என்று பொருள். குடிக்காமல் திரும்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா தலையாரியாக இருந்த காலத்தில் ஒரு வீட்டிலும் குடிக்காமல் திரும்பியதில்லை. அம்மா வாசலிலேயே மூக்கை வைத்து எத்தனை தாக்கீது என்று சொல்லிவிடுவாள். நானும் தச்சனிடமே ஒரு பீப்பாய்க்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

பனி இன்னும் உருகவில்லை. அத்தானுக்கும் லோயிஸுக்கும் என் அன்பு.

தம்பி ஜேபெஸ்

*

பாஸ்டன்,
ஆகஸ்ட் 9, 1774

அன்புத் தம்பி,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். கன்றுக்குட்டி வளர்ந்திருக்கும். எப்சிபாவுக்குக் கை தேவலையா?

ஜூன் மாதத்திலிருந்து துறைமுகம் பூட்டிக் கிடக்கிறது. கொட்டிய தேயிலைக்குக் காசு கொடுக்கும்வரை ஒரு படகு வரக் கூடாதாம். ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. கப்பலே இல்லாத துறையில் உன் அத்தானுக்கு மட்டும் சம்பளம் வருகிறது. அதுதான் கண்ணை உறுத்துகிறது. ராஜாவின் ஆட்களுக்குத் தார் பூசி இறகு ஒட்டித் தெருவில் இழுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. போன வாரம் யாரோ ஒரு தலையணையைக் கிழித்து எங்கள் வாசலில் இறகைக் கொட்டிவிட்டுப் போனார்கள். தார் இன்னும் வரவில்லை, இறகு முன்கூட்டியே வந்துவிட்டது என்று இவர் சிரித்தார். நான் கூட்டி அள்ளினேன். லோயிஸ் மட்டும் இப்போது தெருவுக்கு விளையாடப் போவதில்லை.

உங்கள் ஊர்கள் எங்களுக்காக ஆடுகள் அனுப்பியதற்கு நன்றி சொல்ல வேண்டும். மந்தை வந்து இறங்கியபோது நானும் நின்று பார்த்தேன். அதில் ஒரு கிடாவுக்கு இடது காதில் இரட்டை வெட்டு. அப்பா நம் ஆடுகளுக்குப் போடும் அடையாளம்! கூட்டத்தில் நின்று அழுதுவிட்டேன். பங்கு பிரிக்கிறவர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். “சுங்கக்காரர் வீட்டுக்கு இதுல பங்கு கிடையாதும்மா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டு ஆட்டை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். நல்லாச் சாப்பிட்டிருக்கட்டும்.

மாடியறையைப் பற்றிக் கேட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை நீ பார்க்கவில்லை போலிருக்கிறது. ஆகையால் மறுபடியும் கேட்கிறேன்.

எல்லாருக்கும் எங்கள் அன்பு.

அக்கா தபிதா

*

ஆல்டன்பரி,
நவம்பர் 21, 1774

பிரியமுள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அத்தானும் குழந்தையும் சுகம் என்று நம்புகிறேன்.

செப்டம்பரில் ஜில்லாக் கோர்ட்டை மூடிவிட்டோம். சுற்று வட்டாரத்து ஆண்கள் எல்லாரும் சாலையின் இரு பக்கமும் வரிசையாக நின்றோம். நீதிபதிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவே நடந்து, ராஜாவின் பெயரால் இனி நீதி சொல்ல மாட்டோம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அப்பாவின் நிலப் பத்திரத்துக்குக் கையெழுத்துப் போட்ட கிழவரும் அதில் ஒருவர். என் எதிரே வந்தபோது ஒரு கணம் நின்று பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்தவன், “சத்தமா சொல்லுங்க சாமி, கேக்கல” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வரி விஷயம் இன்னொரு கூத்து. நான் வசூலிக்கும் பணத்தை இனி ராஜாவின் பொக்கிஷத்துக்கு அனுப்பக் கூடாது, நாமே நியமித்த ஆளுக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம். அதே வீடு, அதே காசு, அதே முணுமுணுப்பு. பை மட்டும் மாறியிருக்கிறது. இதை வெளியே சொன்னால் உதை விழும்.

இப்போதெல்லாம் பாஸ்டனிலிருந்து வரும் கடிதங்களை, ராஜா பக்கத்து ஆட்களைக் கண்காணிக்க ஊர் போட்ட கமிட்டிக்காரர்கள் சாராயக் கடையில் உரக்கப் படிக்கச் சொல்கிறார்கள். ஆகையால் நீ மழை வெயில் பற்றி எழுதினால் நல்லது.

மாடியறையில் சணல் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். இந்த வருஷம் விளைச்சல் அதிகம்.

குளிருக்கு எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள்.

ஜேபெஸ்

*

பாஸ்டன்,
மார்ச் 6, 1775

அன்புத் தம்பி,

மழை இல்லை, வெயிலும் இல்லை. கமிட்டிக்காரர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். எஞ்சியது உனக்கு.

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறேன். எங்களைப் பொறுத்தவரை, இனி முடியவில்லை. தெருவெல்லாம் சிப்பாய்கள். ஒரு பக்கம் அவர்கள் வழியில் போகும் பெண்களைப் பார்த்துச் சீட்டியடிக்கிறார்கள். மறுபக்கம் நம் ஆட்கள் சன்னலில் கல் எறிகிறார்கள். இவர் வேலையை விட்டுவிட்டு வரலாம்தான். விட்டால் ராஜா பக்கம் துரோகி, வந்தால் உங்கள் பக்கம் ஒற்றன். நீங்க ரெண்டு பேரும் போங்க என்கிறார்.

சணலை ஓரமாக ஒதுக்கு. ஓர் ஆள் படுக்கும் இடத்தில் நாங்கள் இருவரும் படுத்துக்கொள்வோம். பாதை காய்வதற்குள் ‘வராதே’ என்று உன் கையால் ஒரு வரி வந்தால் வர மாட்டேன். வராவிட்டால், நீ ‘வா’ என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

எப்சிபாவைக் கட்டிக்கொண்டதாகச் சொல்.

அக்கா தபிதா

*

ராக்ஸ்பரி முகாம்,
மே 18, 1775

பிரியமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மழையில் கூடாரம் ஒழுகுகிறது, மற்றபடி குறையில்லை. நீ, லோயிஸ், எப்சிபா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

வேடிக்கையைப் பார். நீ என் வீட்டில் இருக்கிறாய். நான் உன் ஊரை வளைத்திருக்கும் பட்டாளத்தில் சேர்ந்து, உன் வீட்டுக்கு எதிரே துப்பாக்கியோடு படுத்திருக்கிறேன். மேட்டில் ஏறினால் பாஸ்டன் முழுக்கத் தெரிகிறது. உங்கள் வீட்டுப் புகைக்கூண்டு எது என்று தேடிப் பார்த்தேன். புகை வந்த ஒன்றைக் காட்டி, அதுதான் அத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட இருக்கும் பையன்களிடம் சொல்லவில்லை.

நீ சேற்றில் நனைந்து வந்து நின்ற அன்று, “பாதை மோசமா இருந்துச்சா?” என்று மட்டும்தான் கேட்டேன். நிதானமாகப் பேசலாம் என்று இருந்தேன். அதற்குள் ராஜாவின் சிப்பாய்கள் லெக்சிங்டனில் நம் ஆட்களைச் சுட்டுவிட்டார்கள் என்று மணி அடித்துவிட்டது.

இங்கே எல்லாரும், வரியை எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். புல் அறுப்புக்கு லீவு கேட்டிருக்கிறேன். எப்சிபாவை அரிவாளைத் தீட்டி வைக்கச் சொல்.

தம்பி ஜேபெஸ்

*

ஆல்டன்பரி, மாடியறை,
ஜூன் 26, 1775

அன்புத் தம்பி,

நீ காயமில்லாமல் இருக்கிறாய் என்று கேட்டு எப்சிபா முழங்காலில் விழுந்து நன்றி சொன்னாள். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, சார்ல்ஸ்டவுன் பீரங்கிச் சத்தம் கேட்கிறது என்று ஆற்றங்கரைக்காரர்கள் தரையில் காதை வைத்துச் சொன்னார்கள். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவர். நான் யாருக்காக ஜெபிப்பது? இருவர் பெயரையும் சொல்லிவைத்தேன்.

எப்சிபா தங்கம். சணலையெல்லாம் அவளே கொட்டிலுக்கு மாற்றினாள். முதல் ஞாயிறு ஆராதனைக்குப் போனபோது பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் மெதுவாக நகர்ந்தார்கள். இவள் உடனே, “அண்ணி, நீங்க நடுவுல உக்காருங்க. எனக்கு ஓரந்தான் காத்து வரும்” என்று சபைக்கே கேட்கும்படி சொன்னாள்.

டீக்கன் ஃபிஸ்க் வந்து, “உங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காரு?” என்று விசாரித்தார். “நீங்கல்லாம் சேந்து பூட்டி வச்சிருக்கீங்களே, அந்த ஊருக்குள்ளதான்” என்றேன். வாயை அடக்கியிருக்க வேண்டும், தெரிகிறது. அதற்குப் பிறகு இரண்டு தடவை கமிட்டி ஆட்கள் வாசலோடு நடந்து போனார்கள்.

லோயிஸ் இங்கே கன்றுக்குட்டியோடு ஓடுகிறாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. தம்பி, வேறொன்றும் வேண்டாம், இது முடியும்வரை எங்களை இங்கே இருக்க விடு.

அரிவாள் தீட்டியாகிவிட்டது. சீக்கிரம் வா.

அக்கா தபிதா

*

ராக்ஸ்பரி முகாம்,
ஆகஸ்ட் 15, 1775

அக்கா,

இரு தரப்பும் திறந்து படித்த பிறகுதான் இது உன் கைக்கு வரும். படிக்கட்டும். நீயும் லோயிஸும் எல்லைக் காவலைத் தாண்டிப் பாஸ்டனுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று காவலில் இருந்தவன் சொன்னான். உயிரோடு போய்ச் சேர்ந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி.

நடந்ததை நான் சொல்ல வேண்டும். லீவில் வந்து முதல் வயலை அறுத்து முடிக்கவில்லை, டீக்கன் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் தாக்கீது இருந்தது. ‘பாஸ்டனைச் சேர்ந்த எல்கானா பிராட்டின் மனைவி தபிதா, மகள் லோயிஸ்.’ “அக்கா இங்க பொறந்தவங்க ஐயா” என்றேன். “கல்யாணமானா புருஷன் ஊருதான் பொண்டாட்டிக்கு ஊரு. சட்டம் உனக்குத் தெரியாதா? நீதான் இன்னும் தலையாரி. நீயே போய்ப் படி. அக்கான்னாலும் சட்டம் ஒண்ணுதான்னு ஊரு பாக்கட்டும்” என்றார். நான் மனதுக்குள், சரி, எல்லாருக்கும் கொடுக்கிற காகிதம்தானே, படித்துவிட்டுக் கோப்பையைக் குடித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் கூடவே வருவார்கள் என்று நினைக்கவில்லை.

நான் படித்தேன். நீ கதவைப் பிடித்தபடி கேட்டாய். பிறகு உள்ளே போய், அப்பாவின் ஈயக் கோப்பையில் சைடர் கொண்டுவந்து நீட்டினாய். சிரித்துக்கொண்டேதான் நீட்டினாய், அக்கா. உனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், “இன்னைக்கு வேண்டாம் ஜேபெஸ்” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். நான் கோப்பையை வாங்கினேன். வேலிக் கட்டையின் மேல் வைத்தேன். அவர்களோடு நடந்துவிட்டேன்.

அவர்கள் போனதும் திரும்பி வந்து குடிக்கலாம் என்பது என் கணக்கு. சாராயக் கடையில் அவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, பொழுது இருக்கும்போதே திரும்பினேன். கோப்பை அங்கேயே இருந்தது. அதில் ஒரு குளவி செத்து மிதந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். மாடிக்கு ஏறினேன். அறை சுத்தமாகக் கூட்டியிருந்தது. பீப்பாய்த் தச்சனின் வண்டியில் போனீர்கள் என்று எப்சிபா சொன்னாள். சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் குடித்துவிட்டேன், அக்கா. திரும்பி வா.

ஜேபெஸ்

*

பாஸ்டன்,
அக்டோபர் 30, 1775

ஆல்டன்பரி ஊர்த் தலையாரி ஜேபெஸ் வைல்டர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது.

தாக்கீதில் கண்டபடி நாங்கள் எங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். என் கணவர் காய்ச்சலில் இருக்கிறார். இறைச்சி கிடைப்பதில்லை; விறகுக்கு வேலிகளை உடைக்கிறார்கள். அந்தப் பக்கத்து மேட்டிலிருந்து பார்த்தால் எங்கள் புகைக்கூண்டில் புகை தெரியாது. ஆகையால் தேட வேண்டாம்.

லோயிஸ் கன்றுக்குட்டியை விசாரித்தாள். தங்கள் மனைவியிடம் சொல்லவும்.

எல்கானா பிராட்டின் மனைவி தபிதா

*

ஆல்டன்பரி,
ஜூலை 29, 1776

என் அக்காவுக்கு,

ராஜாவின் கப்பல்கள் உங்களை இறக்கிய ஹாலிஃபாக்ஸுக்குப் போகும் ஒரு மீன் படகுக்காரன் மூலம் இதை அனுப்புகிறேன். நீ சுகமா? குழந்தை சுகமா? நீ பதில் எழுதாவிட்டாலும் கேட்பேன்.

மார்ச்சில் அவர்கள் பாஸ்டனை விட்டுக் கப்பலேறியதும், முதலில் உள்ளே போனவர்களில் நானும் ஒருவன். நேரே உன் வீட்டுக்கு ஓடினேன். கதவு இல்லை. யாரோ விறகுக்குக் கழற்றியிருந்தார்கள். ரொட்டிக்கார சைலஸ்தான் சொன்னான். “எல்கானா அண்ணன் பிப்ரவரியில போயிட்டாருங்க. நாந்தான் குழி வெட்டினேன். அக்காவும் பொண்ணும் கப்பல்ல போனாங்க. இருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல, சொன்னா எங்க இருக்கச் சொல்றதுன்னு தெரியல” என்று அழுதான். அத்தானின் கல்லறையைக் காட்டினான். என் தொண்டை கட்டியபோது தேன் கலந்து கொடுத்தது அத்தானின் கை. நானும் அழுதேன். எங்கள் பட்டாளமே தெருவில் மேளம் அடித்துக்கொண்டு போனது.

நேற்று சபைக்கூடத்தில் பிரகடனத்தைப் படித்தார்கள். இனி ராஜாவும் இல்லை, பார்லிமெண்டும் இல்லை, நாம் தனி நாடு. எல்லாரும் தொப்பியை வீசினார்கள். அதில் வரியைப் பற்றியும் ஒரு வரி வந்தது. பெரிய பட்டியலின் நடுவே, போகிற போக்கில் வந்துபோனது. அதற்காகத்தானே தொடங்கினோம் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். “எதுக்காக?” என்று கேட்டான். அவனுக்கு ஞாபகமே இல்லை. இந்த வருஷ வரி ராஜா காலத்தைவிட அதிகம். தலையாரி வேலையை அபராதம் கட்டி விட்டுவிட்டேன்.

நான் தொப்பியை வீசினேன், அக்கா. பொய் சொல்ல மாட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து நம் வேலிக் கட்டையைப் பார்த்தபோதுதான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

நீ முதல் கடிதத்தில் ஒன்று கேட்டாய். அந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். எல்லாக் கடிதத்திலும் பார்த்தேன். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்குத் தள்ளினேன். இப்போது பதில் சொல்கிறேன். மாடியறை காலியாக இருக்கிறது. வா. கமிட்டி ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். எப்சிபா தினமும் மேலே சன்னலைத் திறந்து வைக்கிறாள்.

உன் தம்பி ஜேபெஸ்

*

ஹாலிஃபாக்ஸ்,
அக்டோபர் 11, 1776

அன்புத் தம்பி ஜேபெஸுக்கு,

நானும் லோயிஸும் சுகம். நீயும் எப்சிபாவும் சுகமாக இருக்க வேண்டும். குளிர் வருகிறது. அவள் கைக்கு ஆட்டுக் கொழுப்பு மறக்காதே.

உன் அத்தானுக்குக் கல்லறை இருக்கிறது, அதை நீ பார்த்தாய் என்பதே எனக்கு ஆறுதல். வசந்தம் வந்ததும் அங்கே கொஞ்சம் புல்லைச் செதுக்கிவிடு. சைலஸுக்கு என் நன்றியைச் சொல். கரி பூசிய முகத்தோடு வந்தவன்தான் கடைசிவரை எங்களுக்கு முகம் காட்டினான்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. நிறைய இருந்தது. ‘தாங்கள்’ என்று எழுதினேனே, அது எழுதி முடிக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. இப்போது கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். நீ நல்லவன். அந்தக் கட்டைமேல் கோப்பையை ஒரு துளியும் சிந்தாமல் நீ வைத்ததைப் பார்த்தேன். நான் போனது காகிதத்துக்காக இல்லை. நீ திரும்பி வந்து குடிப்பாய் என்றும் எனக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது குடிக்கிற வீட்டில் நானும் என் பெண்ணும் எப்படி இருப்பது?

இங்கே துறைக்குப் பக்கத்தில் பலகையடித்த ஓர் அறை. நான்கு குடும்பத்துக்குத் துவைத்துக் கொடுக்கிறேன். தேயிலை தாராளமாகக் கிடைக்கிறது. எனக்குத்தான் வாசனை ஒத்துக்கொள்வதில்லை. லோயிஸ் குடிக்கிறாள்.

போன வாரம், பாஸ்டனிலிருந்து வந்தவர்களைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். கையில் காகிதத்தைப் பார்த்ததுமே துவைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பெயர் கேட்டார், ஊர் கேட்டார். எந்த ஊரைச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டு நிற்கையிலேயே, லோயிஸ் தனக்கு ஊற்றி வைத்திருந்த தேநீரைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “எனக்கா பாப்பா?” என்றார். வாங்கி, நின்றபடியே முழுவதும் குடித்தார். “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

லோயிஸ் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஓடி வந்து, “அம்மா, குடிச்சிட்டாரும்மா. நாம இங்க இருக்கலாம்” என்றாள்.

ஆகையால் இங்கேயே இருக்கிறோம், தம்பி. எப்சிபாவை மாடிச் சன்னலை மூடிவிடச் சொல். சாரல் அடித்தால் பலகை கெட்டுவிடும்.

அக்கா தபிதா